முசுறுகளும் மத்தகராயரின் போர் விதிகளும்

ஒரு காட்டில், யானைகள் ஆற்றுக்குப் போகும் வழியில், ஒரு மாமரம் நின்றது. அதில் முசுறு எறும்புகள் இலைகளை இழுத்துத் தைத்துக் கூடு கட்டிக் குடியிருந்தன. அவற்றின் தலைவி பெயர் சுள்ளி. நேர்மையானவள், வரிசையில் ஒருநாளும் முந்தியதில்லை.

பாதையை அகலப்படுத்த அந்த மரத்தைச் சாய்ப்பது என்று யானைத் தலைவர் மத்தகராயர் முடிவு செய்தார். அவரும் நல்லவர்தான். சொல்லாமல் கொள்ளாமல் சண்டைக்குப் போகமாட்டார். முத்திரை குத்திய அறிவிப்பையும் போர் விதிகளையும் காக்கை குமாஸ்தாவிடம் கொடுத்தனுப்பினார்.

காக்கை வாசித்தது: "துதிக்கைக்குள் கடிக்கக் கூடாது. காதுக்குள், கண்ணோரம் கூடாது. கால்நக இடுக்கிலும் கூடாது. அதெல்லாம் கோழைத்தனம்."

"வேற எங்கதாங்க கடிக்கிறது?" என்று கேட்டாள் சுள்ளி.

"முதுகில் தாராளமாகக் கடிக்கலாம்."

"முதுகுல கடிச்சா அவருக்குத் தெரியவே தெரியாதுங்களே!"

"அது உங்கள் திறமையைப் பொறுத்தது."

"சரிங்க. யானைங்க எங்களை மிதிக்கலாமா?"

காக்கை தாளைத் திருப்பிப் பார்த்தது. "மிதிப்பது போரில் வராதும்மா. அது நடை."

சுள்ளி கையெழுத்துப் போட்டாள். அவள் தங்கை கடுப்பாயிக்குக் கோபம் வந்துவிட்டது. "மூக்குக்குள்ள போனா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிரும். எதுக்குக்கா இந்த ஒப்பந்தம்?"

"நாளைக்கு நம்ம முட்டைங்க முகத்துல முழிக்கணும்ல?"

"முட்டைக்கு ஏதுக்கா முகம்?"

மறுநாள் காலை போர் தொடங்கியது. எறும்புகள் முறைப்படி முதுகில் ஏறி, முறைப்படி கடித்தன. மத்தகராயர் கவனிக்கவில்லை. எந்தப் பக்கம் முட்டினால் மரம் சாயும் என்று பார்க்க, சுற்றிச் சுற்றி நடந்தார். சாயங்காலம் சுள்ளி எண்ணிப் பார்த்தபோது முந்நூறு பேர் இல்லை. கடுப்பாயியும் இல்லை.

சுள்ளி அன்று எதுவும் சாப்பிடவில்லை. விதித்தாளை எடுத்து மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

அடுத்த நாள் மத்தகராயர் நெற்றியை மரத்தில் வைத்து முட்டினார். வேர் நெறுநெறுத்தது. துதிக்கை நுனி தரையில் கிடந்தது. சுள்ளி உள்ளே போனாள். பின்னாலேயே இரண்டாயிரம் பேர் போனார்கள்.

"ஏய்! இங்கே கடிக்கக் கூடாது! விதி இருக்கிறது!" என்று அலறினார் மத்தகராயர்.

"கடிக்கலீங்கய்யா. நடக்கிறோம்" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

உண்மைதான். நடந்தார்கள். வழுக்கிய இடத்தில் மட்டும் பல்லால் பிடித்துக்கொண்டார்கள்.

மத்தகராயர் தும்மித் தும்மி ஆற்றைத் தாண்டி ஓடினார். மந்தையும் பின்னால் ஓடியது. தும்மலில் வெளியே வந்து விழுந்த எறும்புகள் தள்ளாடியபடி வீடு திரும்பின.

காடே கொதித்தது. கரடி தேனடையோடு போய் வீங்கிய துதிக்கையைத் தடவிக்கொடுத்தது. "என்ன இருந்தாலும் மூக்குக்குள் போகலாமா?" என்று முயல் கண் கலங்கியது. அந்த முந்நூறு பேரைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. அவர்கள் நடையில் போனவர்களாயிற்றே. வன நியாய சபை அவசரமாகக் கூடி, எறும்புகளின் ஒழுக்கக்கேட்டை ஏகமனதாகக் கண்டித்தது. கண்டனத்தை மெழுகு பூசிய கெட்டித் தாளில் அச்சடித்து, காக்கை கொண்டுவந்து மாமரத்தில் ஒட்டியது.

சுள்ளி ஒரு வரி விடாமல் படித்தாள். வெட்கமாகத்தான் இருந்தது. அதற்குள் மழை இருட்டிக்கொண்டு வந்தது. நான்கு மூலைக்கும் ஆள் அனுப்பித் தாளை வளைத்து இழுத்து, இலையோடு சேர்த்துத் தைத்து, முட்டைகளை உள்ளே வைத்தாள்.

விடிய விடியப் பெய்த மழையில் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை.

நீதி: எளியவர்களைக் கண்டிப்பதென்றால் நல்ல கெட்டித் தாளில் கண்டியுங்கள், அறம் ஒரு மழைக்காலமாவது தாங்கும்.