போயிலர் அண்ணையும் எங்கள் குளிர் வீடும்

அந்த வெள்ளிக்கிழமை வீட்டில் இருந்தவர்கள்: நான். என் மனைவி. துன் நகரிலிருந்து வந்திருந்த மகள். அவளுடைய கைக்குழந்தை. வீட்டுச் சூடாக்கியைத் திருத்த வந்த சுவிஸ்காரன். கடைசியாக, போயிலர் அண்ணை. சுவிஸ்காரனைத் தவிர எல்லோரும் ஜாக்கெட் போட்டிருந்தோம். வீட்டுக்குள்.

போயிலர் அண்ணையைப் போல ஒரு மனிதர் இந்த நாட்டில் இன்னொருவர் இல்லை. இருந்திருந்தால் நாடு முழுக்க உறைந்துபோயிருக்கும்.

அவருடைய சொந்தப் பெயரை ஒரு கலியாண அட்டையில் பார்த்தேன். மறந்துவிட்டேன். வந்த புதிதில் அவர் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினார். அவர் படுத்த அறைக்குப் பக்கத்து அறையில் ஹோட்டலைச் சூடாக்குகிற போயிலர் இருந்தது. அவ்வளவுதான் படிப்பு. கழுத்துச் சங்கிலியில் ஒரு சின்னத் திறப்புத் தொங்கும். அறையைச் சூடாக்கச் சுவரோரம் நிற்கிற ரேடியேட்டரில் அடைபட்ட காற்றைத் திறந்துவிடுகிற திறப்பு. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் ரேடியேட்டரைத்தான் சுகம் விசாரிப்பார்.

பூம்ப்ளிஸில் நாங்கள் வாங்கிய வீடு கட்டி நாலு வருசம்தான். யன்னலுக்கு மூன்று கண்ணாடி. அப்படி ஒரு வீடு குளிரும் என்று யார் நினைப்பது? கார்த்திகையில் குடிபோனோம். ரேடியேட்டர்கள் கல்லுப்போலக் கிடந்தன.

பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் சடங்கு கழிந்து மகள் பிள்ளையோடு வந்தாள். தை முடியும்வரை எங்களோடு நிற்பதாக ஏற்பாடு. மனைவி அதற்காகவே லீவு சேர்த்து வைத்திருந்தாள். வந்த மறுநாள் மருமகன் ஃபோன் எடுத்தார்.

“மாமி, குறை நினைக்காதேங்கோ. பிள்ளைக்கு மூக்கு அடைக்குதாம். வெள்ளிக்கிழமைக்குள்ள வீடு சூடாகாட்டி நான் வந்து ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போறன்.”

மனைவி ஃபோனை வைத்தாள். போய், ஹோல் சுவரில் அடித்திருந்த சாமித்தட்டில் இன்னொரு விளக்கு ஏற்றினாள்.

நான் போயிலர் அண்ணையைக் கூப்பிட்டேன். வந்தார். சப்பாத்தைக் கழற்ற முதலே ரேடியேட்டரில் காதை வைத்தார்.

“தம்பி, காத்து அடைச்சுப் போச்சு. கேள், இருமுது.”

திறப்பைப் போட்டார். கறுப்புத் தண்ணீர் வில்லுப்போலப் பாய்ந்து வெள்ளைச் சோபாவில் விழுந்தது.

“ஐயோ அண்ணை, சோபா புதுசு!” என்றாள் மனைவி.

“வருத்தம் வெளியில வருது தங்கச்சி. தடுக்கக் கூடாது.”

குழந்தையின் குளியல் வெப்பமானியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அப்போது பதினேழு டிகிரி. மறுநாள் வந்து பார்த்தார். பதினாறு. மனிதர் ஆடிப்போய்விட்டார்.

“நான் கை வச்ச பிறகு எப்படியடா இறங்கும்?”

ரேடியேட்டர்களின் எல்லாக் குமிழையும் கடைசி இலக்கம் வரை திருகினார். யன்னல் விளிம்பெல்லாம் டேப் ஒட்டினார். கடைசியில் ரேடியேட்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார்.

“தம்பி, இது எனக்குச் சூடு தாறேல்லை. என்னட்டையிருந்து சூடு வாங்குது.”

மனைவி மேலும் இரண்டு விளக்கு ஏற்றினாள். வீடு மேலும் குளிர்ந்தது.

வெள்ளிக்கிழமை மகள் பெட்டி அடுக்கிவிட்டாள். மனைவி இருக்கிற விளக்கெல்லாம் ஏற்றினாள். சாமித்தட்டில் தீப்பெட்டி வைக்கவும் இடமில்லை. அப்போதுதான் அந்தச் சுவிஸ்காரன் வந்தான். கீழே போய் மெசினைப் பார்த்தான். நல்லாய் இருக்கிறது என்றான். மேலே வந்தான். ஹோலில் நடந்தான். சாமித்தட்டுக்கு முன்னால் நின்றான். மெல்ல இரண்டு கையையும் உயர்த்தினான்.

“பாத்தியே தம்பி, அவனும் கும்பிடுறான்!” என்றார் அண்ணை. “மெசின் கைவிட்டிட்டுது போல.”

எங்களுக்கு உடம்பு சிலிர்த்தது. நாங்களும் கை கூப்பினோம். மனைவி திருநீறு எடுத்து அவன் நெற்றியில் பூசினாள். அவன் மரியாதையாகக் குனிந்து வாங்கிக்கொண்டான். பிறகு விளக்குகளுக்கு நேர் மேலே சுவரில் இருந்த வெள்ளைப் பெட்டியைக் காட்டி மகளிடம் ஏதோ சொன்னான்.

மகள் தாயின் பக்கம் திரும்பினாள்.

“அம்மா, அவர் கும்பிடேல்லை. விளக்குச் சூட்டைக் கையால பாத்தவராம். அந்தப் பெட்டிதான் வீட்டுச் சூட்டை அளக்கிறது. அதில இருபத்தெட்டுக் காட்டுது. வீடு கொதிக்குது எண்டு மெசின் நிண்டிட்டுதாம்.”

“அப்ப நான் கூட ஏத்த ஏத்த?”

“கூடக் குளிர்ந்தது அம்மா.”

நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் போயிலர் அண்ணையைப் பார்த்தோம். வீடு குடிபூரலன்று ஃபோன் திசைகாட்டியில் கிழக்குப் பார்த்து அந்தத் தட்டை அடித்தவர் அவர்தான். “பெட்டிக்குக் கீழ அடிப்பம், சாமிக்குக் கூரை மாதிரி இருக்கும்” என்றவரும் அவர்தான்.

அண்ணையின் முகம் செத்துப்போனது. வெளியே போய்ப் படியில் குந்தினார். சப்பாத்துப் போட்டார். ஆனால் போகவில்லை.

மனைவி விளக்குகளைப் பூவால் ஒவ்வொன்றாக அமர்த்தினாள். கொஞ்சம் பொறுத்து ரேடியேட்டர் டொக் டொக் என்றது. மகள் அதில் கை வைத்தாள். வைத்த கையை உடனே எடுத்தாள். பொழுதுபடக் குழந்தையின் தொப்பியைக் கழற்றினாள். மருமகனுக்கு ஃபோன் எடுத்து, “வராதேங்கோ” என்றாள். மகளின் பெட்டியை நான் மேலே கொண்டுபோய் வைத்தேன்.

தட்டை எதிர்ச்சுவருக்கு மாற்ற வேண்டும். நான் ட்ரில்லை எடுத்தேன்.

“அதை வையுங்கோ. அண்ணை அடிக்கட்டும்” என்றாள் மனைவி.

படியிலிருந்து குரல் வந்தது. “நானோ, தங்கச்சி?”

“வேற ஆர்? குளிருக்க இருக்காமல் உள்ள வாங்கோ.”

தட்டுக்குத் தேவை இரண்டு துளை. அண்ணை பிழையாய்ப் போட்ட துளைகளை அடைக்க நான் பசை வாங்கி வந்தேன். மனைவி விடவில்லை. அண்ணை அடித்தது, இருக்கட்டும் என்றாள். இன்றைக்கும் இருக்கின்றன. எண்ணிப் பார்த்தேன்.

ஒன்பது.