ஏழு நாற்பத்திரண்டுக்கு எல்ஸ்கே சொன்னது

யோரிட் ஆறரைக்கு எழுந்தான். ஜன்னல் திரையை விலக்கினான். மழை. இரண்டு ரொட்டித் துண்டுகளில் வெண்ணெய் தடவி, ஒன்றில் பாலாடைக்கட்டி வைத்து, மற்றதில் சாக்லேட் துகளைத் தூவி, நின்றபடியே சாப்பிட்டான். மதியத்துக்கும் அதே இரண்டை டப்பாவில் போட்டான். சவரம் செய்தான். தட்டைக் கழுவினான். ஹீட்டரைப் பதினைந்து டிகிரிக்கு இறக்கினான். கூடத்து மேஜைக்கு அடியில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் ஸ்விட்ச்சைக் கால் கட்டைவிரலால் அணைத்தான். சைக்கிள் சாவியை எடுத்துக்கொண்டு எட்டு பத்துக்குக் கதவைப் பூட்டினான்.

மனைவி எல்ஸ்கே இருந்தபோதும் இதே வரிசைதான். வெண்ணெய் தடவுவது மட்டும் அவள்.

நவம்பர் ஐந்தாம் தேதி, சவரத்துக்கும் தட்டு கழுவுவதற்கும் நடுவே ஒரு வேலை கூடியது. எல்ஸ்கேயின் லேப்டாப்பைத் திறந்தான். கம்பெனிச் சின்னம் வந்தது. வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றின. திரை கறுத்தது. மறுபடியும் சின்னம், மறுபடியும் புள்ளிகள். இருபது நிமிடம் பார்த்தான். அன்றைக்கு அலுவலகத்துக்குத் தாமதமானான். டிராக்டன் நகராட்சியின் வடிகால் பிரிவில் அவன் தாமதமாக வந்தது அதுவே முதல் தடவை. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எட்டு மாதமாக அவனை யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

அந்த லேப்டாப்பில் அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று.

மார்ச் பதினொன்றாம் தேதி காலை, எல்ஸ்கே வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று ஏதோ சொன்னாள். அவன் குளியலறையில் ஷேவிங் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தான். அவள் குரல் கேட்டது, சொல் கேட்கவில்லை. “சரி சரி” என்று கத்தினான். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பதினொன்றரைக்கு அவள் அலுவலகத்தில், காப்பி மெஷின் முன்னால், தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. அவளுக்கு வயது முப்பத்து மூன்று.

எதற்குச் சரி சொன்னோம் என்று அவனுக்குத் தெரியவில்லை.

அடக்கத்தன்று மாமியார் கேட்டாள், கடைசியாக என்ன சொன்னாள் என்று. கையில் காப்பிக் கோப்பையுடன் நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “சாயங்காலம் பார்க்கலாம்னு சொன்னா” என்றான் யோரிட். அதைக் கல்லறைக் கல்லில் வெட்டிவிட்டார்கள்.

வாசலில் கேமரா வைத்த காலிங்பெல் இருந்தது. எல்ஸ்கே மாட்டியது. வருவோர் போவோரை எல்லாம் அது படம் பிடிக்கும், அந்தப் படங்கள் நேராக அவள் லேப்டாப்பில் போய்ச் சேரும்படி அவளே ஏதோ செய்து வைத்திருந்தாள். நவம்பர் நான்காம் தேதி பெல்லின் பேட்டரி தீர்ந்தது. கழற்றிக் கையில் வைத்திருந்தபோதுதான் அவனுக்கு உறைத்தது: அன்று காலை எல்ஸ்கேயையும் இது பிடித்திருக்கும்.

முதலில் வந்து உதவியவன் எல்ஸ்கேயின் அண்ணன் டௌவே. பால் ஆலையின் குளிர்பதனக் கிடங்கில் வேலை. உலகில் எதுவும் சூட்டால்தான் கெடுகிறது என்பது அவன் கொள்கை. லேப்டாப்பின் அடிப்பாகத்தில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, காய்ச்சல் கண்ட குழந்தையைப் பார்த்ததுபோல் தலையை ஆட்டினான்.

“ஃப்ரீசர்ல வை மச்சான்.”

“லேப்டாப்பையா?”

“உள்ள டிஸ்க் சூட்டுல விரிஞ்சிருக்கும். குளிர்ல சுருங்கி இடத்துக்கு வந்துரும். ரெண்டு மணி நேரம் போதும். நீ ஞாயித்துக்கிழமை வரைக்கும் வை, நல்லா பிடிக்கட்டும்.”

ஃப்ரீசரில் இடமில்லை. எல்ஸ்கே பிப்ரவரியில் செய்து தேதி எழுதி வைத்த பட்டாணி சூப் டப்பாக்கள் ஆறு இருந்தன. எல்லாவற்றையும் வெளியே எடுத்தான். ஒருமுறை இளகியதைத் திரும்ப உறைய வைக்கக்கூடாது. ஆகவே வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் மதியமும் இரவும் பட்டாணி சூப் சாப்பிட்டான். ஆறாவது டப்பாவைக் கழுவிக் கவிழ்க்கும்போதுதான், அது கடைசி டப்பா என்பது தெரிந்தது.

வெளியே எடுத்த லேப்டாப் வெள்ளை பூத்திருந்தது. பிறகு வியர்த்தது. பிறகு ஒழுகியது. பட்டனை அழுத்தினான். இப்போது சின்னமும் வரவில்லை, புள்ளிகளும் வரவில்லை.

டௌவேக்கு போன் செய்தான். காய வைக்கச் சொன்னான் டௌவே. வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டர் மேல் நிமிர்த்தி வைத்தான். அந்த வீட்டு ரேடியேட்டரை ஆள் இருக்கும்போதும் பதினேழுக்கு மேல் வைத்ததில்லை. லேப்டாப் காய நான்கு நாள் பிடித்தது. காய்ந்தபோது இரண்டு எழுத்துக் கட்டைகள் கழன்று ரேடியேட்டருக்குப் பின்னால் விழுந்துவிட்டன. அவற்றை எடுக்கப் போய் சுவரில் பெயின்டும் போயிற்று.

“பரவாயில்ல” என்றான் டௌவே. “ரெண்டு எழுத்துதானே.”

மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை பேட்டை மன்றத்தில் ரிப்பேர் கஃபே நடக்கும். பழுதான சாமானைக் கொண்டுபோனால், ஓய்வுபெற்றவர்கள் இலவசமாகச் சரிசெய்வார்கள். சாமானுக்குச் சொந்தக்காரரும் கூடவே உட்கார்ந்து திருப்புளி பிடிக்க வேண்டும். ஆளுக்கு ஒரு காப்பி, ஒரு பிஸ்கட். பிஸ்கட் டப்பா மூடியே இருக்கும், எடுத்தவுடன் மறுபடி மூடிவிடுவார்கள். சாமான் உயிர்பெற்றால் மேஜை மணியை அடிப்பார்கள். மதியம் இரண்டு மணிக்குக் கடை கட்டிவிடுவார்கள்.

யோரிட்டுக்குக் கிடைத்தது ஹார்மன். முப்பத்தெட்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். பக்கத்து நாற்காலியில் டோஸ்டரை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் தன் முறைக்குக் காத்திருந்தாள்.

ஹார்மன் லேப்டாப்பை முகர்ந்து பார்த்தார்.

“பட்டாணி சூப் வாசனை வருது, தம்பி.”

யோரிட் நடந்ததைச் சொன்னான். ஃப்ரீசரைச் சொன்னபோது டோஸ்டர் பெண் கண்ணை மூடிக்கொண்டாள். ஹார்மன் பத்துத் திருகாணிகளைக் கழற்ற வைத்தார். பேட்டரி செத்து இரண்டு வருடமாவது இருக்கும் என்றார். இவ்வளவு நாள் சுவர்க் கரண்டில்தான் ஓடியிருக்கிறது. மதர்போர்டு தண்ணீரில் போய்விட்டது. டிஸ்க்கைத் தனியே உருவி, ஒரு கேபிளில் செருகித் தன் கம்ப்யூட்டரில் மாட்டினார். அது மெல்ல முனகிச் சுற்ற ஆரம்பித்தது.

“உசிரு இருக்கு” என்றார். “ஏதோ ஒரு வேலையைப் பாதியில விட்டிருக்கு. அதுலேர்ந்து முன்னயும் போக முடியல, பின்னயும் போக முடியல. அங்கயே சுத்திட்டிருந்திருக்கு.”

யோரிட் தலையசைத்தான். அது அவனுக்குச் சுலபமாகப் புரிந்தது.

திரையில் ஒரு நீலக் கட்டம் வந்தது. டிஸ்க் பூட்டியிருக்கிறது, நாற்பத்தெட்டு இலக்கச் சாவி எண் வேண்டும் என்றது. ஹார்மன் மணியிலிருந்து கையை எடுத்தார்.

எல்ஸ்கேயின் பிறந்தநாள் எட்டு இலக்கம். திருமண நாள் எட்டு. வீட்டு போன் பத்து. அவனுக்குத் தெரிந்த எண்களை எல்லாம் கூட்டினாலும் இருபத்தாறுதான் வந்தது.

“உங்க வீட்டுல, மறக்கவே கூடாதுங்கறதை எங்க எழுதி வைப்பீங்க?” என்று கேட்டார் ஹார்மன்.

“கக்கூஸ்ல.”

“அப்ப இங்க ஏன் உட்கார்ந்திருக்க?”

மணி ஒன்று பதினைந்து. யோரிட் மழையில் சைக்கிளை மிதித்தான்.

அந்த ஊரில் எல்லார் வீட்டிலும் போலவே அவன் வீட்டிலும், தெரிந்தவர்களின் பிறந்தநாள்களைக் குறித்து வைக்கும் காலண்டர் கழிவறைக் கதவின் உட்புறம் தொங்கியது. தாளைத் திருப்புவது எல்ஸ்கேயின் வேலை. அது மார்ச்சிலேயே நின்றிருந்தது. எட்டு மாதமாக அவன் தினமும் அதற்கு எதிரே உட்கார்ந்திருக்கிறான். ஒருமுறைகூடக் கையை நீட்டவில்லை. அந்த வருடம் ஏப்ரல் முதல் பிறந்தநாள் வந்த யாருக்கும் அவன் வாழ்த்துச் சொல்லவில்லை. ஜூலைத் தாளில் அவன் அம்மாவின் பெயர் இருந்தது.

நவம்பர் தாளில் இருபத்தொன்றாம் தேதிக்கு எதிரே ‘லேப்டாப்’ என்றும், அதை வாங்கிய வருடமும் எழுதியிருந்தது. தாளின் பின்புறம் எறும்புச் சாரி போல் நாற்பத்தெட்டு இலக்கங்கள். கூடவே பதினைந்தாம் தேதிக்கு எதிரே அடிக்கோடிட்டு: ‘பக்கத்து வீட்டு போஸ்மா, 75. கண்டிப்பாகப் போகணும். கேமரா சமாதானம்.’

பதினைந்து என்றால் மறுநாள். கேமராவில் என்ன சமாதானம் என்பது அவனுக்கு விளங்கவில்லை. தாளை மட்டும் கிழித்துக்கொண்டு ஓடினான்.

ஒன்று ஐம்பதுக்கு மன்றத்தில் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கியிருந்தார்கள். டோஸ்டர் பெண் எண்களைப் படிக்க, ஹார்மன் ஒற்றை விரலால் தட்டினார். எல்ஸ்கே எழுதும் ஒன்றும் ஏழும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். நான்காவது முறை பூட்டுத் திறந்தது.

மார்ச் பதினொன்று, காலை ஏழு நாற்பத்திரண்டு. பதினான்கு வினாடி.

வாசல். நீலக் கோட்டில் எல்ஸ்கே. சைக்கிளை நகர்த்தியவள் நின்று கதவுப் பக்கம் திரும்பினாள். பேசினாள். வலது காலைத் தூக்கி ஷூ நுனியால் தரையை ஒரு தட்டுத் தட்டினாள். காத்திருந்தாள். அவன் கத்திய பதில் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். சிரித்தாள். கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனாள்.

சத்தம் வரவில்லை. ஹார்மன் ஒலியைக் கூட்டினார். வேறு ஸ்பீக்கர் மாட்டினார். பிறகு கண்ணாடியைப் போட்டுப் படத்தின் கீழே இருந்த சிறிய எழுத்தைப் படித்தார். பிப்ரவரி இரண்டாம் தேதி முதல் ஒலிப்பதிவு நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.

அதற்கு மணியடிப்பதா வேண்டாமா என்று ஹார்மனுக்குத் தெரியவில்லை. மெதுவாக அடித்தார்.

அன்று சாயங்காலம் டௌவே வந்தான். இருவரும் அந்தப் பதினான்கு வினாடிகளை அறுபது தடவை பார்த்தார்கள். ரொட்டி வாங்கச் சொல்கிறாள் என்று மன்றத்தில் ஹார்மன் சொல்லியிருந்தார். ஷூ கடிக்கிறது என்பது டோஸ்டர் பெண்ணின் கருத்து. டௌவேக்கு ஐயமே இல்லை.

“உன்மேல உசிரையே வெச்சிருக்கேன்னு சொல்றா. தங்கச்சி வாய் எனக்குத் தெரியாதா.”

“அதுக்கு எதுக்குக் காலைத் தட்டறா?”

“அழுத்திச் சொல்றா.”

அறுபத்தோராவது தடவையில் யோரிட் எல்ஸ்கேயைப் பார்க்கவில்லை, படத்தின் இடது ஓரத்தைப் பார்த்தான். வேலிக்கு மேலே ஒரு துடைப்பத்தின் பிடி அசையாமல் நின்றது. பிடியைப் பிடித்திருந்த கை. அதற்கு மேலே, இந்தப் பக்கம் திரும்பிய ஒரு காது.

திருமதி போஸ்மாவின் காது.

மறுநாள் மூன்று மணிக்கு யோரிட் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, பூங்கொத்தோடு பக்கத்து வீட்டு மணியை அழுத்தினான். திருமதி போஸ்மா கதவைத் திறந்து அவனை மேலும் கீழும் பார்த்தாள். அவன் அந்தத் தெருவுக்கு வந்து நான்கு வருடம் ஆகியும் அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

“பக்கத்து வீட்டுக்காரரே” என்றாள். “பூவெல்லாம் வேண்டியதில்லை. உள்ள வாங்க.”

கூடத்தில் சமையலறை முக்காலி உட்பட எல்லா இருக்கைகளும் வட்டமாகப் போட்டிருந்தன. பதினொரு பேர், மடியில் கேக் தட்டுகளுடன். ஊர் வழக்கப்படி அவன் சுற்றி வந்து ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து வாழ்த்தினான்: தங்கை பிறந்ததற்கு அக்காவை, மாமியார் பிறந்ததற்கு மருமகனை. முக்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்தான். கேக் வந்தது. மழையைப் பற்றிப் பேசினார்கள்.

அரை மணி நேரம் கழித்து அவன் கேமரா விஷயத்தைக் கேட்டான்.

அதை அவள் மறைக்கவில்லை. தன் வாசலில் தான் பேசுவதையெல்லாம் அந்த மணி ஒட்டுக்கேட்கிறது என்று வீட்டுவசதிச் சங்கத்தில் புகார் கொடுத்தவள் அவள்தான். மறுநாளே எல்ஸ்கே வந்து, ஒலியை நிறுத்திவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்றாளாம். “நல்ல பொண்ணு” என்றாள் திருமதி போஸ்மா. “ஆனா படம் பிடிச்சுக்கிட்டேதான் இருந்தது.”

வட்டம் தலையசைத்தது.

“மார்ச் பதினொண்ணு காலையில நீங்க வாசல் பெருக்கிட்டிருந்தீங்க” என்றான் யோரிட். “அவ என்கிட்ட ஏதோ சொன்னா. எனக்குக் கேட்கல. அதுதான் அவ கடைசியா எங்கிட்ட சொன்னது. உங்களுக்கு ஞாபகம் இருக்குமா?”

“சாயங்காலம் பார்க்கலாம்னு கல்லுல போட்டிருக்கே?”

“அது நான் சொன்னது.”

யாரும் முள்கரண்டியை அசைக்கவில்லை. திருமதி போஸ்மா தன் தட்டை மேஜை மேல் வைத்தாள்.

“எனக்கு ஞாபகமெல்லாம் இல்ல, யோரிட்” என்றாள். “எழுதி வெச்சிருக்கேன். என்னென்ன தொந்தரவுன்னு தேதி, நேரம் போட்டுக் குறிச்சு வைக்கச் சொன்னாங்க சங்கத்துல.”

அலமாரியிலிருந்து கட்டம் போட்ட நோட்டு ஒன்றை எடுத்து வந்தாள். கண்ணாடியைத் துடைத்தாள். விரலை நக்கிப் பக்கங்களைத் தள்ளினாள். யோரிட் கேக் தட்டைத் தரையில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டான்.

“மார்ச் ஒம்போது. கேமரா என்னைப் பார்த்தது. மார்ச் பத்து. மறுபடியும் பார்த்தது. மார்ச் பதினொண்ணு, ஏழு நாப்பத்திரண்டு. பக்கத்து வீட்டு அம்மா, தெருவே கேட்கிற மாதிரி புருஷன்கிட்ட...” அவள் நோட்டை வெளிச்சத்துப் பக்கம் சாய்த்து, வரியில் விரல் வைத்துப் படித்தாள்.

“‘யோரிட், மேஜை மேல என் லேப்டாப்பு அப்டேட் ஆயிட்டிருக்கு, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் அந்த ஸ்விட்ச்சைக் காலால அணைச்சுடாதே, சரியா?’”