சூடாகாத லோரி

தோட்டத்துக்கு டீசல் லோரி வந்தபோது எல்லாரையும்விட அதிகமாகச் சந்தோஷப்பட்டவன் டிரைவர் குழந்தைவேலு. அது லேசில் சூடாகாது என்பதுதான் காரணம்.

பழைய பெட்ரோல் லோரியில் அந்த வசதி இல்லை. முன்னால் கம்பியைச் செருகி நாலு சுற்று சுற்றினால் கிளம்பித் தொலைத்துவிடும். டீசல் அப்படியா? மார்கழி விடியலில் ஜெராய் மலைப் பனி தோட்டம் இருக்கும் செமிலிங் பக்கம் இறங்கினால் போதும், காசநோய்க்காரன் மாதிரி இருமும். வெள்ளைப் புகையைக் கக்கும். அடங்கிவிடும். மறுபடி இருமும். ஒருவழியாகக் கிளம்பினாலும் வேலைக்குப் போகும் ஆட்களை உடனே ஏற்றக் கூடாது. கொஞ்ச நேரம் நின்ற இடத்திலேயே ஓடவிட வேண்டும்.

அந்தக் கொஞ்ச நேரத்தைக் குழந்தைவேலு ஜக்கரியா கடையில் வைத்து நீட்டிக்கொண்டான். தோட்டத்து வாசலிலேயே கடை. சுடச்சுடத் தேத்தண்ணி, ரொட்டி, பீடோங் டவுனிலிருந்து வரும் வம்பு. வீட்டு வேலை எதுவும் கண்ணில் படுவதற்குள் இருட்டோடு கிளம்பிவிடுவான்.

"எங்க கிளம்பிட்டீங்க? தொட்டியில சொட்டுத் தண்ணி இல்ல" என்பாள் மனைவி பிரேமாவதி.

"லோரி சூடாகணும்லா."

"நேத்தும் அதையேதான் சொன்னீங்க."

"நேத்துச் சூடு நேத்தோட ஆறிப்போச்சு. இது டீசல்மா. சூடாகாம எடுத்தா எஞ்சின் செத்துரும். எஞ்சின் செத்தா தொரை என்னைச் சாவடிச்சிருவாரு."

"அதுக்குள்ள நான் சோறே ஆக்கிருவேன்."

"சோறும் லோரியும் ஒண்ணா?"

லோரியைவிடச் சீக்கிரம் சூடாகிறவள் பிரேமாவதி. அன்று ஏனோ சூடாகவில்லை. "சரி, போய்ட்டு வாங்க" என்றாள். அப்போதே அவன் உஷாராகியிருக்க வேண்டும். ரொட்டி ஞாபகத்தில் போய்விட்டான்.

சில நாள் கழித்து, சாயங்காலம் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, டிராக்டர் ஓட்டுற அம்மாசி அண்ணன் எப்படிப்பட்ட ஆளு?"

"ஏன், என்ன?"

"ஒண்ணுமில்ல. ஷெட்டுல உங்க லோரியைச் சுத்திச் சுத்திப் பாத்துக்கிட்டு நின்னாரு. பாத்தா என்ன, பாக்கட்டும்."

கவளத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டான். "பாக்கட்டுமா? எதுக்குப் பாக்கணும்? அவனுக்குத்தான் டிராக்டர் இருக்கே!"

மறுநாள் அம்மாசி எதிரில் வந்து சிரித்தான். ஏன் சிரிக்கிறான் என்று சந்தேகம் வந்தது. அதற்கு மறுநாள் சிரிக்காமல் போனான். சந்தேகம் இரண்டு மடங்கானது.

"நான் இல்லாத நேரம் என் லோரியை எடுத்து ஓட்டிப் பழகுறான் போல" என்று வீட்டில் வந்து பொருமினான்.

"சேச்சே, அவரு அப்படிச் செய்வாரா?" என்றாள் பிரேமாவதி. "உங்களுக்கு மனசு கேக்கலைன்னா பேட்டரியைக் கழட்டி இங்க கொண்டாந்துருங்க. அது இல்லாம யாரு கிளப்ப முடியும்?"

எப்பேர்ப்பட்ட மூளை! குழந்தைவேலு பேட்டரியைத் தோளில் ஏற்றி, லயத்து வரிசை வீட்டு ஜனங்கள் வேடிக்கை பார்க்க, முக்கி முனகிக் கொண்டுவந்து போட்டான்.

"தரையில வேணாங்க, ஈரம். அடுப்பங்கரை ஓரமா வைங்க."

வைத்தான். அவள் இன்னொன்றும் சொன்னாள். "எஞ்சினைச் சாக்குப் போட்டு நல்லா மூடி, மேல நீங்களே ஒரு முடிச்சுப் போட்டுருங்க. யாராச்சும் தொட்டா முடிச்சு காட்டிக்குடுத்துரும்."

"சாப்பிட்டுப் போய் மூடுறேன்."

"அதுக்குள்ள அவரு வந்துட்டா? வண்டியை நிறுத்துன சூட்டோட மூடிருங்க."

ரேடியேட்டர் தண்ணீரையும் தினமும் இறக்கிவிடச் சொன்னாள். தண்ணியில்லாத வண்டியை எந்தத் திருடன் ஓட்டுவான்? அவ்வளவையும் விடியலில் திரும்ப ஊற்ற வேண்டுமே என்று அவன் முகம் சுளித்தான்.

"பைப்படிக்கு ஏன் அலையுறீங்க? அடுப்புல வெந்நி இருக்கு. வாளியில ஊத்தித் தரேன்."

இப்படி ஒரு பெண்டாட்டி யாருக்கு வாய்க்கும் என்று குழந்தைவேலு நெகிழ்ந்தே போனான்.

மறுநாள் விடியலில் முடிச்சை அவிழ்த்து வெந்நீரை ஊற்றினான், பேட்டரியை மாட்டினான், சாவியைத் திருப்பினான். லோரி இருமவில்லை. ஒரே உறுமலில் கிளம்பி நின்றது.

ஏற்கெனவே எவனோ வேறு பேட்டரி மாட்டி ஓட்டியிருக்கிறான்! அவிழ்க்கும்போது முடிச்சு அவன் போட்டபடிதான் இருந்தது. இறங்கி டயரை முகர்ந்தான். சீட்டை முகர்ந்தான். அவனுடைய வாடைதான் அடித்தது. முடிச்சைக்கூட அப்படியே போடத் தெரிந்தவனா அம்மாசி?

"அட, சூடாயிருச்சா? அப்புறம் என்ன நிக்கிற, ஆளுங்களை ஏத்து" என்றார் ராமையா கிராணி. தோட்டத்து ஆபீஸ் கணக்கெல்லாம் அவர் கையில். லோரி கடையைத் தாண்டும்போது ஜக்கரியா தேத்தண்ணிக் கிளாஸைத் தூக்கிக் காட்டினார். குழந்தைவேலு எச்சிலை விழுங்கிக்கொண்டு போனான்.

காவலை இறுக்கினான். சாக்கை இரண்டாக்கினான். வெந்நீரில் ஒரு சொட்டு வீணாக்கவில்லை. காவல் இறுக இறுக லோரி இன்னும் சுருக்காகக் கிளம்பியது. ஜக்கரியா கடைப் பக்கமே போக முடியவில்லை.

கடைசியில் பொறுக்க முடியாமல் மத்தியானம் ஷெட்டில் அம்மாசியின் சட்டையைப் பிடித்துவிட்டான்.

"உண்மையைச் சொல்லுடா. என் லோரியை என்ன பண்ற?"

"ஐயோ அண்ணே, நான் தொடவே இல்ல! எனக்கெதுக்கு அந்தச் சனியன்? இருட்டோட எந்திரிக்கணும்."

"அப்ப ஏன் சுத்திச் சுத்திப் பாத்த?"

"உங்க வீட்டு அக்காதான் கூட்டியாந்து, குளிருல டீசல் வண்டி சீக்கிரம் சூடாக வழி கேட்டாங்க. பாத்துச் சொன்னேன். எஞ்சின் ஆறுமுன்ன போர்த்துங்க, பேட்டரியைக் குளிர விடாதீங்க, காலையில வெந்நி ஊத்துங்கன்னு. ஏண்ணே, சொன்னது தப்பா?"

குழந்தைவேலு சட்டையை விட்டான். கசங்கின இடத்தைத் தடவியும் கொடுத்தான். பிறகு வீட்டைப் பார்த்து நடந்தான். அந்த நேரத்தில் அவன்மேல் ஒரு பாத்திரத்தை வைத்திருந்தால் தண்ணீர் கொதித்திருக்கும்.

வீட்டு வாசலில் ராமையா கிராணி நின்றுகொண்டிருந்தார்.

"வாப்பா! தொரைக்கு ஒரே சந்தோஷம். லோரி தெனமும் லேட்டுன்னு போன மாசமே சாவியை அம்மாசிகிட்டக் குடுக்கச் சொல்லிட்டாரு. கொஞ்ச நாள் பொறுங்கன்னு நான்தான் கெஞ்சி வச்சிருந்தேன். இப்ப நேரத்துக்கு வருதே, யாரு யோசனை இதுன்னு கூப்பிட்டுக் கேக்குறாரு."

குழந்தைவேலு வாயைத் திறந்தான்.

"எல்லாம் அவரு யோசனைதாங்க" என்றாள் உள்ளேயிருந்து பிரேமாவதி. "இந்தப் பேட்டரியை யாரையும் தொடக்கூட விடமாட்டாரு."

"சபாஷ்!" கிராணி தோளில் தட்டிவிட்டுப் போனார். பேட்டரி தூக்கித் தூக்கி வீங்கியிருந்த தோள். வலித்தது.

அவர் தலை மறைந்ததும் கத்தினான். "ஏன்டி, என்கிட்ட நேரா சொல்றதுக்கென்ன?"

"சாவி கைமாறப்போகுதுன்னு கிராணி வீட்டம்மா பைப்படியில சொன்னாங்க. நேரா சொல்லியிருந்தா செஞ்சிருப்பீங்களா?"

குழந்தைவேலு யோசித்துப் பார்த்தான். செய்திருக்க மாட்டான். அதற்காக விட்டுக்கொடுத்துவிட முடியுமா?

"இந்தா பாரு. இன்னையிலேர்ந்து அந்தப் பேட்டரியை நான் தூக்க மாட்டேன். ஆமா!"

"தூக்க வேணாங்க" என்றாள் பிரேமாவதி, அரிசி களைந்துகொண்டே. "அம்மாசி அண்ணன் தூக்கட்டும். லோரியோட."

குழந்தைவேலு கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு, எஞ்சின் ஆறுவதற்குள் சாக்குப் போட ஷெட்டுக்கு ஓடினான்.