உம்மாவுக்காக அறுநூறு அடி

விமானம் ஓட்டுகிறவனுக்கு ஊர் நினைப்பு வரக்கூடாது. இதை நான் பயிற்சிக் கல்லூரியில் படிக்கவில்லை. முப்பதாயிரம் அடிக்கு மேலேதான் படித்தேன்.

அப்போது நான் புத்தம் புதுத் துணை விமானி. (தொப்பியைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்கிய காலம்.) கோலாலம்பூரிலிருந்து கொழும்புக்கு வரும் வழி எங்கள் நிந்தவூருக்கு மேலால்தான் போகும் என்று வீட்டில் உளறிவிட்டேன். உம்மா விடுவாரா?

"நாளைக்குப் பதினொரு மணிக்கு மொட்டை மாடியில சிவப்பு பெட்சீட்டோட நிப்பன் மகன். ஒருக்காக் கீழ பாரு, என்ன?"

"அவ்வளவு உயரத்தில ஊரே தெரியாது உம்மா."

"பெத்த தாயுமா தெரியாது?" என்று போனை வைத்துவிட்டார்.

மறுநாள் எங்கள் ஊர்க் கரை தெரிந்தது. வெள்ளையாக அலை, அதற்கப்பால் பச்சை வயல். முப்பத்தேழாயிரம் அடியிலிருந்து முப்பத்தோராயிரத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். ஓட்டுவது நான். மட்டக்களப்புக்காரரான கப்டன், விமானத்தை எங்கே நிறுத்துவது என்று வேறொரு வானொலியில் கம்பனியோடு கதைத்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துக் கட்டுப்பாட்டு நிலையம் கூப்பிட்டது. கீழே வேறொரு விமானம் குறுக்கே வருகிறதாம், முப்பத்து மூவாயிரத்தில் நிற்கட்டாம்.

"முப்பத்து மூவாயிரம்" என்று கிளிப்பிள்ளை மாதிரித் திருப்பிச் சொன்னேன். சொன்னதோடு சரி. கருவியில் இலக்கத்தை மாற்ற வேண்டும், விரலால் தொட்டுக் காட்ட வேண்டும், கப்டனுக்கும் சொல்ல வேண்டும். நானோ கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு பெட்சீட் தேடினேன். (கண்டும்விட்டேன்! யாருடைய வீட்டு ஓட்டுக்கூரையோ, அல்லாஹ்தான் அறிவான்.) விமானம் பாவம், பழைய இலக்கத்தை நம்பி இறங்கிக்கொண்டே போனது.

திடீரென்று மோதல் எச்சரிக்கைக் கருவி அலறியது. "மேலே ஏறு! மேலே ஏறு!" திரையில் ஒரு சிவப்புச் சதுரம் நேரே எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. நான் தேடிய சிவப்பு அதுவல்ல.

சாகும்போது சொல்லும் கலிமா வாயில் வந்தது, கை வரவில்லை. பின்னால் நூற்றைம்பது பேர், மடியில் பிள்ளைகளோடு. எல்லாரையும் நான் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

"விடுங்க தம்பி!" கப்டன் பிடியைப் பறித்து மூக்கை மேலே தூக்கினார். அந்த விமானம் எங்களுக்குக் கீழால் போனது. இறக்கையைத் தெளிவாகவே கண்டேன். இன்றைக்கும் கண்ணை மூடினால் தெரியும். நிற்க வேண்டிய உயரத்தைத் தாண்டி அறுநூறு அடி இறங்கியிருந்தோம்.

"என்னத்தத் தம்பி கீழ பாத்திட்டிருந்தீங்க?"

"எங்கட உம்மாவ, சேர்."

அவரே விமானத்தைத் தரையிறக்கிவிட்டு, நேரே அறிக்கை எழுத உட்கார்ந்தார். ஏசியிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

விசாரணை, திரும்பவும் பயிற்சி என்று இரண்டு மாதம் வீட்டில் இருந்தேன். உண்மையைச் சொன்னதும் உம்மா தேம்பித் தேம்பி அழுதார், பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து எந்த விமானம் போனாலும் வீட்டில் ஒருவரும் முற்றத்தில் நிற்கக்கூடாது என்பது அவர் சட்டம். குடும்பத்தில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆளில்லை.

போன வருடம் என் கல்யாணம். பெண் வீட்டு முற்றத்தில் எல்லாரும் பெரிய சஹன் தட்டுகளைச் சுற்றியிருந்து பிரியாணியில் கை வைக்க, மேலே ஒரு விமானச் சத்தம். உம்மா பதறி எழும்பினார்.

"எல்லாரும் உள்ளுக்கு வாங்க, கெதியா! என்ட மகன் கண்டானெண்டா கீழ இறங்கிருவான்!"

சம்பந்தி வீட்டார் ஒன்றும் விளங்காமல் எழும்பி ஓடினார்கள். அவர்களுக்கு முன்னால், மாப்பிள்ளை உடுப்போடு, நான் ஓடிக்கொண்டிருந்தேன்.