பூட்டு அண்ணனும் விடுவிக்கப்படாத முறுக்கும்

ஈப்போவில் உள்ள கதவுகளையெல்லாம் பூட்டிவிட்டு வரச் சொல்லி ஒருவரிடம் சாவிக்கொத்தைக் கொடுத்தால், கடைசிக் கதவில் தன்னையே வெளியே நிறுத்திப் பூட்டிக்கொண்டு, "இப்பதான் சரியா இருக்கு" என்று திருப்தியோடு சொல்லக்கூடிய ஒரே மனிதர் எங்கள் பூட்டு அண்ணன்தான்.

பெற்றோர் வைத்த பெயர் அவருடைய சம்பளச் சீட்டில் இருந்தது. சம்பளம் போடும் பெண்ணைத் தவிர வேறு யாருக்கும் அதைப் பார்க்கும் உரிமையை அவர் கொடுக்கவில்லை. ஆகவே கடைசிவரை எங்களுக்கு அவர் பூட்டு அண்ணன்தான். சென்ற வருடம் ஓய்வு பெற்று, சொந்த ஊரான கோலா கங்சாருக்கே போய்விட்டார்.

ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த நிலத்தில் எங்கள் தொழிற்சாலை நிற்கிறது. ஒரு பக்கம் கச்சாங் பூத்தே: வறுத்த நிலக்கடலை, பொரித்த பருப்பு, மிக்ஸர். சுவருக்கு அந்தப் பக்கம் முறுக்கு. எவ்வளவு மாவு எப்போது பிசைவது, எத்தனை பை கட்டுவது என்று திட்டம் போடுவது என் வேலை. ஆர்டர் வந்த பிறகு முறுக்கு சுட உட்கார்ந்தால் தீபாவளி முடிந்துவிடும். போன வருட விற்பனையைப் பார்த்து, முன்கூட்டியே செய்து, ஸ்டோரில் அடுக்கிவிட்டு, மக்கள் வாங்குவார்கள் என்று நம்பிக் காத்திருக்க வேண்டும். இயல்பிலேயே பயந்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது.

பயத்துக்கு வீட்டிலும் ஒரு காரணம் உண்டு. என் மகள் யாழினிக்கு நிலக்கடலை ஆகாது. துளி உள்ளே போனாலும் உதடு வீங்கி மூச்சு அடைத்துவிடும். சிறு பிள்ளையாக இருந்தபோது ஒரு முறை ஆஸ்பத்திரிவரை போய் மீண்டு வந்தாள். அப்பன் கடலைத் தொழிற்சாலையில் வேலை. மகளுக்குக் கடலை விஷம். வேலை முடிந்து குளித்து உடை மாற்றாமல் நான் அவளைத் தொடுவதில்லை. முறுக்குப் பக்கம் நிலக்கடலை எட்டிக்கூடப் பார்க்கக்கூடாது என்று சிங்கப்பூர் வாடிக்கையாளர் நிபந்தனை போட்டிருந்ததால், உலகத்திலேயே என் மகள் நம்பித் தின்னக்கூடிய ஒரே வெளி முறுக்கு எங்கள் முறுக்குதான்.

இனி பூட்டு அண்ணனுக்கு வருவோம்.

கம்ப்யூட்டர் சிஸ்டம் வந்த புதிதில் ஆளுக்கொரு பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தார்கள். யாருக்கும் நினைவில் நிற்கவில்லை. ஸ்டோரில் கணக்கெழுதிய கிராணி முனியாண்டியின் பாஸ்வேர்ட் மட்டும் சுலபமாக இருந்தது. ஆகவே எல்லோரும் முனியாண்டியாகவே உள்ளே போனோம். அவர் ஓய்வு பெற்று பாரிட் புந்தாருக்குப் போன பிறகும், அவரைப்போல் உழைத்தவர் தொழிற்சாலையில் யாருமில்லை. ஒரே நேரத்தில் மாவு பிசைவார், எண்ணெய் வாங்குவார், லோரி ஏற்றுவார். தான் செய்த முறுக்கைத் தானே சோதித்துத் தானே விற்பனைக்கு விடுவிப்பார்.

சிஸ்டத்தில் யாருக்கு எந்த உரிமை என்று பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்த பூட்டு அண்ணன் இதைத்தான் முதலில் பார்த்தார்.

"யாரு தம்பி இந்த முனியாண்டி? மனுசன் தூங்கவே மாட்டாரா?"

"அவரு ரிட்டயர் ஆகிப் பல வருசம் ஆச்சி அண்ணே."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப நேத்து மாவு எடுத்தது?"

"அது நான்."

"எண்ணெய்க்கு ஆர்டர் போட்டது?"

"அது பேக்கிங் சரசு அக்கா. அவங்களுக்கு நேத்து கொஞ்சம் நேரம் இருந்திச்சி."

வேறு யாராக இருந்தாலும் அந்தப் பெயரை அழித்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். பூட்டு அண்ணன், இவ்வளவு உழைத்தவரை மரியாதையோடு அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டார். மீ கோரெங் நூடுல்ஸ், கேக், மாலை எல்லாம் வந்தன. பாரிட் புந்தாரிலிருந்து அசல் முனியாண்டி பாத்தேக் சட்டை போட்டுக்கொண்டு ரயிலேறி வந்தார். உண்மையிலேயே ஓய்வு பெற்ற அன்று அவருக்கு யாரும் ஒரு தே தண்ணிகூட வாங்கித் தந்ததில்லை. இப்போது மாலை விழுந்ததும் குலுங்கிக் குலுங்கி அழுதார். கைதட்டலுக்கு நடுவே பூட்டு அண்ணன் பட்டனைத் தட்டி அவர் பெயரை மூடினார்.

"முடிஞ்சதுங்க ஐயா. இனிமே நீங்க வேலைக்கு வர வேணாம்."

அதன்பின் ஆளுக்கொரு பொறுப்பு, பொறுப்புக்கு ஏற்ற உரிமை. பிசைகிறவர் பிசையலாம், எடை பார்க்கக்கூடாது. வாங்குகிறவர் வாங்கலாம், வந்ததை எண்ணக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, செய்கிறவர் விடுவிக்கக்கூடாது. ஒரே மாவில் பிசைந்து ஒன்றாகப் பொரித்தது ஒரு லாட். லாபில், அதாவது சோதனைக்கூடத்தில், கோமதி சோதித்து விடுவிக்கும்வரை அந்த லாட் கம்ப்யூட்டரில் சிவப்பாக நிற்கும். அவள் ஒப்புக்கொண்டால் பச்சை. சிவப்பை யாரும் தொட முடியாது.

ஒரு நாள் அண்ணன், உரிமை கொடுப்பதும் அதற்கு ஒப்புதல் தருவதும் தன்னிடமே இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். பெருந்தப்பு என்று உடனே தன் உரிமையைத் தானே பறித்துக்கொண்டார். அதைத் திருப்பிக் கொடுக்க யாருக்கும் உரிமை இல்லை. சிஸ்டம் விற்ற கம்பெனிப் பையன் கோலாலம்பூரிலிருந்து வந்து சேரும்வரை அண்ணன் தன் மேசையிலேயே விருந்தாளிபோல் உட்கார்ந்திருந்தார்.

கோவில் அன்னதானத்திலும் விடவில்லை. சாம்பார் வைத்தவர் உப்புப் பார்க்கக்கூடாது என்றார். உப்புப் பார்க்க நியமித்தவர் வாழையிலை வாங்கப் போயிருந்தார். வரிசை ரோட்டைத் தொட்டது. கமிட்டி அவரைச் செருப்புப் பார்க்கும் வேலைக்கு மாற்றியது. அன்று ஒரு செருப்புகூடத் தொலையவில்லை. ஆனால் யாரும் சீக்கிரம் வீட்டுக்குப் போகவும் முடியவில்லை.

"வீட்ல எப்படி அக்கா?" என்று ஒரு முறை அவர் மனைவியிடம் கேட்டேன்.

"சீனி டப்பாவத் திறக்குற உரிம எனக்கு மட்டும்தான் தம்பி. இனிப்பு நீர் வியாதி வந்தப்ப அவரே குடுத்தாரு. இப்ப கெஞ்சுறாரு. நான் காரணம் எழுதிக் குடுங்கன்னு சொல்லிட்டேன்."

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த நாங்கள் ஒரு தீபாவளிக்கு முந்திய வாரம் சிரிப்பை நிறுத்தினோம். கோமதியின் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள், அவள் லீவு. முறுக்கு லாட் சிவப்பில் நின்றது. வாசலில் லோரி நின்றது. லோரிக்குப் பக்கத்தில் முதலாளி நின்றார்.

"பூட்டு, பிளானருக்கு இன்னிக்கு ஒரு நாளைக்கு விடுவிக்கிற உரிமையக் குடு," என்று என்னைக் காட்டினார்.

"தாக் போலே, முடியாது பாஸ். திட்டம் போட்டவரே விடுவிக்கக் கூடாது."

"அப்ப எனக்குக் குடு."

"நீங்க விக்கிறவரு. உங்களுக்குக் குடுக்கவே கூடாது."

"இது என் கம்பெனி லா."

"கம்பெனி உங்களுது பாஸ். லாட்டு இன்னும் யாரோடதும் இல்ல."

முதலாளியின் முகம் லாட்டின் நிறத்துக்கு வந்தது. "நாளைலேருந்து நீ வராத."

"சரி பாஸ். ஆனா சிஸ்டத்துலேருந்து என் பேர எடுக்க நான்தான் மனு போடணும். என் மனுவுக்கு நானே ஓகே போட முடியாது. யார் போடுறதுன்னு யோசிச்சி வைங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். "இவர தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு யாருலா கூட்டிட்டுப் போறது?"

லோரி காலியாகத் திரும்பிப் போனது.

அன்று மாலை சரசு அக்கா ஒரு பை முறுக்கை என் கையில் திணித்தார். "பாப்பாவுக்குன்னு எடுத்து வச்சேன் தம்பி." அது வருடா வருடம் நடப்பதுதான். முன் சீட்டில் வைத்துக் காரைக் கிளப்பினேன். கேட்டில் காவலுக்கு நிற்கும் ஜாகாவுக்குப் பக்கத்தில் பூட்டு அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். கண்ணாடியை இறக்கினேன்.

"அந்தப் பை எந்த லாட்டு தம்பி?"

"என் பிள்ளைக்கு அண்ணே. விக்கிறதுக்கு இல்ல."

"பிள்ளைக்குன்னாலும் சிவப்பு சிவப்புதான்."

"காலைலேருந்து கேட்டுக்கிட்டு இருக்கா. ஒரு பைதானே? உங்களுக்கு மனசே இல்லையா?"

"கோமதிகிட்ட பேசிட்டேன். நாளைக்குக் காலைல கொஞ்ச நேரம் வந்து பாக்குறேன்னு சொல்லிருக்கு."

ஜன்னல் வழியாகக் கையை விட்டுப் பையை எடுத்துக்கொண்டார். கைக்குழந்தையைப்போல் அதை மார்போடு அணைத்தபடி, என் கார் போகும்வரை அங்கேயே நின்றார். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே போனேன்.

வீட்டில் யாழினி என் கைகளைப் பார்த்தாள். "ஒரு முறுக்குப் பைக்குக்கூட உங்களுக்குப் பவர் இல்லையாப்பா?"

மறுநாள் காலை கோமதி வந்து, முறுக்கைக் கரைத்த நீரில் சோதனைப் பட்டையை நனைத்தாள். ஒரு கோடு வந்தால் நல்லது. இரண்டு கோடு வந்தது. வேறு பையிலிருந்து எடுத்துப் பார்த்தாள். மறுபடியும் இரண்டு. நிலக்கடலை.

முறுக்குப் பக்கத்து மாவுச் சல்லடை கிழிந்துபோய்விட, கடலைப் பக்கத்துச் சல்லடையைக் கழுவி எடுத்து வந்து சலித்திருக்கிறார்கள். கெட்ட எண்ணத்தில் யாரும் செய்யவில்லை. தீபாவளி அவசரம்.

நான் லாப் வாசலில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூச்சு அடைத்தால் மகளுக்குப் போடும் ஊசி வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. ஆனால் அவள் உதடு வீங்கியிருந்தால் நான் அந்த முறுக்கைச் சந்தேகப்பட்டிருக்கவே மாட்டேன். எங்கள் முறுக்கில் கடலை இருக்காது என்று டாக்டரிடமே அடித்துச் சொல்லியிருப்பேன்.

முதலாளி வந்து பட்டையைப் பார்த்தார். பிறகு, "பூட்டு எங்க?" என்றார்.

அவர் வழக்கம்போல் தன் மேசையில்தான் இருந்தார். "வர வேணாம்னு சொன்னீங்க பாஸ். மனு இன்னும் முடியல, அதான் வந்துட்டேன்."

"அத முடிக்காத லா," என்றார் முதலாளி.

புதுச் சல்லடை வாங்கி, இயந்திரங்களைக் கழுவி, மறுபடி செய்தோம். கோமதி சோதித்து விடுவித்தாள். சரசு அக்கா பையை நீட்டினார். எனக்குக் கை வரவில்லை. வேண்டாம் அக்கா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

தீபாவளிக்கு முந்திய நாள் மாலை பூட்டு அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பை முறுக்கு. "பச்ச ஆயிடுச்சி தம்பி. நீங்க எடுக்கலன்னு சரசு சொன்னிச்சி."

நான் வேண்டாமென்று சொல்வதற்குள் யாழினி பையைப் பிரித்துவிட்டாள். முதல் முறுக்கு நொறுங்கும் சத்தம் கேட்டபோது நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

யார் வீட்டிலும் தங்காத மனிதர் அன்று என் மகளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என்ன படிக்கிற, டீச்சர் பேரு என்ன, யாரு பக்கத்துல உக்காருறா, அந்தப் பிள்ள வீடு எங்க என்று கேள்விமேல் கேள்வி. சிஸ்டத்தைத் தவிர வேறெதுவும் பேசாதவர் பூனையைப் பற்றியெல்லாம் கேட்டார். அவள் பதில் சொல்லச் சொல்ல அடுத்த கேள்வி. பேசிக்கொண்டே இருக்கிற பிள்ளைக்கு மூச்சு நன்றாக ஓடுகிறது என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

கடைசியில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கூப்பிட, அவள் மத்தாப்பை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். பூட்டு அண்ணன் தண்ணீர் கேட்டார். குடிக்கும்போது டம்ளர் அவர் பல்லில் இடித்தது.

வாசலுக்கு வந்தோம். யாழினி தெருவே அதிரும்படி கூச்சல் போட்டுக்கொண்டு ஓடினாள். "ஏய், மெதுவா," என்று அதட்டினேன்.

அண்ணன் என் தோளில் கை வைத்தார்.

"விடுங்க தம்பி. கத்தட்டும்."