மாமனாரின் தலையும் புது ஷாக் அப்சார்பரும்

"எழும்புது! ஏங்க, தானா எழும்புது!"

மனைவி போட்ட கூச்சலில் மாப்பிள்ளை காருக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான். காரின் குலுக்கலைத் தாங்கும் புது ஷாக் அப்சார்பரின் தண்டு, யாரும் தொடாமலே, மெல்ல நீண்டுகொண்டிருந்தது. அவனுக்குப் பகீரென்றது.

"பட்டையை யார் வெட்டினா?"

"நீங்கதானே வெட்டச் சொன்னீங்க!"

மெக்கானிக் படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். "தண்டை அமுக்கிப் பட்டை போட்டிருக்கும் சார். காருல மாட்டிட்டு அப்புறமா வெட்டுங்க." நம்மாளுக்கு அதில் வெட்டுவது மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

சாயங்காலம் மாமனாரும் மாமியாரும் ரயிலில் வருகிறார்கள். போன தடவை அழைத்து வந்தபோது ஒரு பள்ளத்தில் கார் குதித்து, பின்சீட்டிலிருந்த மாமனாரின் தலை கூரையில் 'ணங்'கென்று இடித்தது. வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திப் படுத்தவர், மறுநாள் மத்தியானம்தான் வெளியே வந்தார். அதிலிருந்து மகளிடம் போனில் பேசும்போதெல்லாம் ஒரே கேள்வி: "அந்த கார் இன்னும் அப்படியேதான் இருக்கா?"

குத்திக் காட்டுவதற்கும் ஓர் அளவு வேண்டாமா? மாப்பிள்ளைக்கு மானம் போயிற்று. இன்று அதை மீட்டே ஆக வேண்டும்.

"இந்தப் பலகையை வெச்சு அது மேல உக்காரு!"

அவள் உட்கார்ந்தாள். தண்டு இறங்கியது. கட்டத்தான் கயிறு இல்லை. ஓடிப்போய்த் துணிக்கொடியை அவிழ்த்தான். விருந்தாளிகளுக்கென்று துவைத்துப் போட்டிருந்த வெள்ளை விரிப்புகள் நேராக கிரீஸில் போய் விழுந்தன.

"ஐயோ!" என்று அவள் துள்ளி எழுந்தாள். தண்டும் கூடவே எழுந்தது.

மறுபடி அமுக்கி, கயிற்றால் இறுக்கிக் கட்டி உள்ளே நுழைத்தால், முடிச்சு போல்ட் போகிற துளையை அடைத்துக்கொண்டது. கயிற்றை அறுத்தான். தண்டு நிதானமாக நீண்டு வந்து அவன் மூக்கில் முட்டியது.

வேறு வழியில்லாமல் மெக்கானிக்குக்கு போன் போட்டான்.

"ஜாக்கியை இன்னும் ஏத்துங்க சார். சக்கரம் தொங்கினா இடம் தானா கிடைக்கும்."

"இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீங்க முதல்லயே வெட்டுவீங்கன்னு நான் கனவா கண்டேன்?"

ஒருவழியாக இரண்டு பக்கமும் மாட்டி முடித்தபோது ரயிலுக்கு நேரமாகிவிட்டது. முகத்து கிரீஸைத் துடைக்காமலே ஸ்டேஷனுக்குப் பறந்தான்.

"வாங்க மாமா!"

மாமனார் அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. எங்கேயோ ஒரு கம்பத்தைப் பார்த்து "ம்" என்றார். இவ்வளவு கோபமா!

பின்சீட்டில் ஏறியதும் அவர் சொன்னார், "போன தடவை வந்த வழியாவே போங்க. மெதுவா வேண்டாம்."

சோதித்துப் பார்க்கிறாராம்! பார்க்கட்டுமே! பள்ளத்தில் வேகமாக விட்டான். கார் பஞ்சு மாதிரி இறங்கி ஏறியது.

"இன்னொரு தடவை," என்றார் மாமனார்.

திருப்பிக்கொண்டு வந்து விட்டான். ஓர் அசைவு இல்லை.

"இன்னும் வேகமா!"

மூன்றாவது தடவையும் அதே சொகுசு. கண்ணாடியில் பார்த்தான். மாமனார் கண்ணில் நீர் தளும்பியது. மாப்பிள்ளை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

"ஒரு குலுக்கல் இல்ல, பாத்தீங்களா மாமா? எல்லாம் புதுசு, என் கையாலயே மாட்டினது!"

மாமனார் ஜன்னல் பக்கம் திரும்பிய முகத்தைத் திருப்பவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியார் தலையில் அடித்துக்கொண்டார்.

"கெடுத்தீங்களே மாப்பிள்ளை! ஏழு வருஷக் கழுத்துப் பிடிப்பு போன தடவை இந்த கார் இடிச்ச இடியிலதான் விட்டுச்சு, இப்போ மறுபடி பிடிச்சுக்கிச்சுன்னுதானே இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தேன்... அந்தப் பழசை எங்க போட்டீங்க?"