மடங்காத பாய்மரம்

ரிவெட் விஷயமாக மட்டும் மனைவியிடம் யோசனை கேட்பதில்லை என்று வாத்தியார் திங்கட்கிழமை காலை பல் தேய்க்கும்போதே சபதம் எடுத்துவிட்டார்.

இதில் ஒரு சின்னச் சிக்கல். அவர் மனைவி பஸ் கூண்டு கட்டும் பட்டறையில் ஸ்டோர் கீப்பர். பதினாறு வருஷமாக அந்த அம்மாளுக்கு வேலையே ரிவெட் எடுத்துக் கொடுப்பதுதான். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி, இது என்ன அளவு, என்ன உலோகம் என்று சொல்லிவிடுவாள். வாத்தியார் நடத்துவதோ பூகோளம். எந்தக் கடலில் எந்த மாதம் எந்தக் காற்று என்று கேளுங்கள், கொட்டுவார். ரிவெட் என்றால் ஆணிக்குத் தம்பி என்கிற அளவில்தான் தெரியும். ஆனாலும் படகு அவருடையது. மானமும் அவருடையது.

அந்தப் படகு ஆறு வருஷமாக வீட்டு ஷெட்டில் குடியிருக்கிறது. பாய்மரம் என்று பேர்தான், அலுமினியக் குழாய்; அதன் அடியில் ஒரு கீல் உண்டு. மரத்தை அதில் மடக்கிச் சாய்த்தால்தான் படகு ஷெட்டுக்குள் நுழையும். மனைவியின் ஸ்கூட்டர் அதே ஆறு வருஷமாக வெளியே வெயிலிலும் மழையிலும் நின்று, காலையில் இருமிக்கொண்டே கிளம்புகிறது. போன வாரம் கடலில் அடித்த காற்றில் பாய்மரத்தின் அடியைக் கவ்வியிருந்த உலோகப் பூண் ரிவெட் தெறித்துக் கழன்றுகொண்டது. வருகிற ஞாயிறு படகுப் போட்டி. வாத்தியாருக்குத் தூக்கம் போய்விட்டது.

மனைவி ஒரு பந்தயம் வைத்தாள்.

"சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள பாய்மரம் நேரா நிக்கணும். இல்லேன்னா படகை வித்துடணும்."

"நின்னுட்டா?"

"ஷெட்டைப் பத்தி வாழ்நாள்ல வாயே திறக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

ஆறு வருஷமாகத் திறந்திருந்த வாய். அது மூடப்போகிறது என்ற சந்தோஷத்தில் வாத்தியார் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு கடைக்கு ஓடினார்.

"என்ன சைஸ் ரிவெட் சார்?" என்றார் ஹார்டுவேர் கடைக்காரர்.

"நடுத்தரமா குடுங்க."

"எத்தனை மில்லி?"

"பாய்மரம் இருபது அடி."

கடைக்காரர் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு இடுக்கி மாதிரி ஒரு ஒற்றைக்கை ரிவெட் கன்னையும் அலுமினிய ரிவெட் ஒரு பொட்டலத்தையும் எடுத்துக் கொடுத்து, கண்ணிலிருந்து மறைந்தால் போதும் என்று அனுப்பிவைத்தார்.

ரிவெட்டைத் துளையில் வைத்து அமுக்கினால், கன் நடுக்கம்பியைப் பிடித்து இழுக்கும். உள்ளே தலை பருத்து இறுகும். கம்பி "படக்" என்று அறுந்து விழும். செவ்வாய் மாலை எட்டுத் தரம் படக். வாத்தியார் மீசையைத் தடவிக்கொண்டார். புதன்கிழமை படகை வெளியே தள்ளி, பாய்மரத்தை நிமிர்த்தி ஒரு இழு இழுத்துப் பார்த்தார். எட்டும் பால்பல் மாதிரி உதிர்ந்தன.

வியாழக்கிழமை ஸ்டீல் ரிவெட் வாங்கினார். இந்தத் தடவை "படக்" வரவில்லை. ஒரு கையால் அமுக்கினார். இரண்டு கையால் அமுக்கினார். முழங்காலுக்கு நடுவே வைத்து அமுக்கினார். கடைசியில் கன்மேலேயே உட்கார்ந்தார். ரிவெட் அசையவில்லை. கன்னின் பிடிதான் வளைந்தது. அந்த நேரம் பார்த்துத் துணி உலர்த்த வந்தாள் மனைவி.

"என்னங்க, உதவி வேணுமா?"

"வேண்டாம்."

"ஸ்டீல் ரிவெட்டா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க உட்கார்ந்திருக்கிற அழகுலேயே தெரியுது. ஒத்தக்கை கன்னுக்கு அது மசியாதுங்க."

"நான் கேட்டேனா?"

"கேக்கலை. நானும் சொல்லலை."

வெள்ளிக்கிழமை கரும்பலகையில் வாத்தியார் பூமத்திய ரேகையைப் போட்டார். அது பாம்பு மாதிரி நெளிந்தது. கை அப்படி வீங்கியிருந்தது. சனிக்கிழமை மதியம் பிடிவாதமும் வீங்கி வெடித்தது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவர் கடைசியில் சமையலறை வாசலில் போய் நின்றார்.

"ஏம்மா... உங்க பட்டறையில பெரிய கன் ஏதாவது..."

மனைவி அலமாரியைத் திறந்தாள். முழ நீளத்துக்கு இரண்டு கைப்பிடி வைத்த கன், ட்ரில், ஒரு பொட்டலம் ரிவெட், ஒரு டப்பா பசை. எல்லாம் தயாராக இருந்தன.

"எப்போ கொண்டுவந்தே?"

"திங்கட்கிழமை."

வாத்தியாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் மணி மூன்று. கோபப்பட நேரமில்லை.

"இது மோனல் ரிவெட்டுங்க, நிக்கலும் செம்பும் கலந்தது. உப்புத் தண்ணிக்கு இதுதான். பூசாம அடிச்சா ரெண்டு உலோகமும் ஒண்ணை ஒண்ணு தின்னுடும், அதுக்குத்தான் பசை. படகை வெளிய தள்ளி, மரத்தை நிமிர்த்தி வச்சு அடிங்க."

தள்ளினார். நிமிர்த்தினார். நீளக் கைப்பிடி இரண்டையும் பிடித்துச் சேர்த்தார். படக்! வெண்ணெயில் கத்தி இறங்கின மாதிரி. படக்! படக்! வீங்கின கை வீங்கினதையே மறந்தது. எட்டு ரிவெட் முடிந்ததும், இன்னும் இருக்காதா என்று ஏங்கினார். மனைவி பாய்மரத்தை லேசாக ஆட்டிப் பார்த்தாள்.

"பூண் கெட்டியாயிடுச்சு. கீல்தான் கொஞ்சம் ஆடுது."

"ஆடக் கூடாது! நாளைக்குப் போட்டி!"

"கீல் தகட்டையும் மரத்தையும் சேர்த்து ரெண்டு பக்கமும் ரெண்டு ரிவெட் வைக்கலாம். உங்க இஷ்டம். படகு உங்களுது."

"ரெண்டென்ன, நாலு நாலா வைப்போம்!"

வைத்தார். இடி விழுந்தாலும் அசையாது என்றார். ஆமாங்க என்றாள். கன்னையும் ட்ரில்லையும் பையில் போட்டுக்கொண்டு, பட்டறையில் திருப்பிக் கொடுக்க ஸ்கூட்டரில் கிளம்பிவிட்டாள்.

ஆறு மணிக்கு வானம் இருட்டியது. வாத்தியார் சீட்டியடித்துக்கொண்டே படகை ஷெட்டுக்குள் தள்ளினார். "டங்!" பாய்மரம் வாசல் விட்டத்தில் இடித்தது. சிரித்துக்கொண்டார். மடக்க மறந்துவிட்டோமே! மரத்தைப் பிடித்துச் சாய்த்தார். சாயவில்லை. தோளைக் கொடுத்துச் சாய்த்தார். இடி விழுந்தாலும் அசையாத மரம் வாத்தியாருக்கா அசையும்? குனிந்து கீலைப் பார்த்தார். தன் கையாலேயே வரிசையாக அடித்த எட்டு ரிவெட்டும் பளபளவென்று அவரைப் பார்த்தன.

முதல் தூறல் விழுந்தபோது மனைவி திரும்பி வந்தாள். படகைச் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டரை நேராக ஷெட்டுக்குள் உருட்டினாள். ஸ்டாண்டு போட்டாள். சீட்டைத் துணியால் துடைத்தாள். வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

"இப்படி ஒரேடியா மடக்கிட்டியே! ரிவெட்டைத் துளைச்சு எடுக்க அந்த ட்ரில்லையாவது எடுத்துட்டு வா!"

"திங்கட்கிழமைதான் பட்டறை திறக்கும்."

"அப்போ இந்தப் படகு? எங்கே நிக்கிறது? ஷெட்டுல ஸ்கூட்டர் நிக்குதே, அதுக்கு என்ன சொல்றே?" வாத்தியார் நனைந்துகொண்டே கத்தினார்.

மனைவி குடையை விரித்து அவர் கையில் கொடுத்தாள்.

"ஷெட்டைப் பத்தி வாயே திறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேனேங்க."